சத்தமில்லாத வண்டிக்கு ஒரு சத்தம்

— ஒரே ஒரு வரி போதும் கபதேசி. "எனக்குச் சத்தம் கேக்கல." அவ்வளவுதான். மீதிய உவேரா பாத்துக்குவா.

— குத்திட்டாளா?

— என்னது?

— நர்ஸு. உள்ளங்கால்ல ஊசியால குத்திப் பாக்கப் போறேன்னா. குத்திட்டாளா, இன்னும் இல்லியா?

— அவ போயி கால் மணி நேரம் ஆச்சு.

— அப்பக் குத்திட்டா போல. சரி, அது கெடக்கட்டும். நீ என்னமோ சொல்லிட்டு இருந்தியே கத்தேரா.

— என்னமோவா? தொண்ட வத்திப்போச்சு எனக்கு. போக்குவரத்துக் குழு உக்காந்தாச்சு. கிகாலியில வாடகைக்கு ஓடுற கரண்ட் பைக்கு, மோட்டோ எல்லாத்துலயும் உன் சத்தப் பெட்டிய மாட்டணுமா வேண்டாமான்னு இன்னிக்கு முடிவு. நமக்காகப் பேச உவேரா அங்கதான் இருக்கா. நம்ம முறை வந்ததும் கூப்புடுவா. ஃபோன மேச மேல வச்சு உன் குரலப் போட்டுக் காட்டுவாளாம்.

— போட்டுக் காட்ட நான் என்ன ரேடியோவா?

— கிண்டல் பண்ணத் தெம்பு இருக்கு. நல்லதுதான்.

— கிண்டல் பழக்கத்துல வருது. உள்ள ஒண்ணும் இல்ல. அக்கா வந்து என்னயக் கட்டிப் புடிச்சு அழுதா. எனக்கு அவ தலையில தேச்சிருந்த எண்ணெ வாசனதான் தெரிஞ்சுது. அழுகை வரல, கோவம் வரல. பசிகூட நேரத்தக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கறேன். ஆமா, என் காலு கட்டில் மேலதான இருக்கு?

— இருக்கு. போர்வைக்குள்ள.

— ரெண்டும்?

— ரெண்டும் இருக்கு கபதேசி.

— கேட்டு வச்சுக்கறது நல்லதுதான. சரி, உவேரா என்ன பேசப் போறா?

— நேத்து என்கிட்ட பேசிக் காட்டுனா. "ஐயா, பெட்ரோல் வண்டி ஓடுன காலத்துல கண்ணு தெரியாதவங்க காத வச்சு ரோட்டத் தாண்டுனாங்க. இப்ப கரண்ட் வண்டி வர்றதும் தெரியல, போறதும் தெரியல. அதுக்காக எங்க பல்கலைக்கழகத்துல ஒரு பெட்டி செஞ்சோம். வண்டி முன்னாடி மாட்டுனா, ஓடும்போது ஒரு சத்தம் குடுக்கும். செஞ்சவங்க பௌதிகம் சொல்லிக்குடுக்கற டீச்சர். அவங்களுக்கும் கண்ணு தெரியாது. போன வாரம் பெட்டி இல்லாத வண்டி ஒண்ணு அவங்களையே அடிச்சுப் போட்டுருச்சு."

— "அவங்களையே"ங்கற எடத்துல குரல எறக்குனாளா?

— எறக்குனா.

— எறக்குவா. மாணவர் சங்கத் தேர்தல்லயே அப்படித்தான் எறக்கி எறக்கி ஜெயிச்சா.

— அதுக்கப்புறம் நீ அந்த ஒரு வரியச் சொல்லணும். அதக் கேட்டுட்டு எவன் வேண்டாம்பான்? வண்டிக் கம்பெனிக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க, பெட்டி வச்சா வெல ஏறும், சத்தமில்லாத ஊருன்னு பேர் வாங்கினது போயிரும்னு சொல்றதுக்கு. உன் குரலக் கேட்டப்புறம் அவங்களும் வாயத் தெறக்க மாட்டாங்க.

— ஒரு ஆளுக்கு நடந்தத வச்சு முடிவு பண்ணச் சொல்ற ஆளா நீ? ஒரு ஆளு கணக்கே இல்லம்பியே.

— கணக்குப்படி பாத்தா இல்லதான். என் கணக்கு என்ன சொல்லுதுன்னுதான் உனக்குத் தெரியுமே. எத்தன வாரம் அந்த ரோட்ட அடைச்சு வச்சு சோதன பண்ணினோம்! கண்ணு தெரியாதவங்க ஓரமா நிக்கணும். வண்டி வரும். சத்தம் கேட்டதும் கையத் தூக்கணும். பெட்டி போட்ட வண்டிக்கும் தூக்குனாங்க. பெட்டி போடாத வண்டிக்கும் தூக்குனாங்க. வித்தியாசமே இல்ல. ரெண்டு வருஷமா நீ கட்டுனத நான் ரெண்டே பக்கத்துல இடிச்சு எழுதிக் குடுத்திருக்கேன். அதத்தான் அவங்க கையில வச்சுப் படிச்சுட்டு இருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு கபதேசி. உன் மொகத்தப் பாக்கவே பயமா இருக்கு.

— என் மொகத்துல என்ன இருக்கு?

— ஒண்ணும் இல்ல. அதான் பயமா இருக்கு.

— அது கெடக்கட்டும். எனக்கு ஒண்ணு புரியல. பெட்டி போடாத வண்டி அவங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?

— காது கூர்மைன்னு எழுதியிருக்கேன். கண்ணு தெரியாதவங்களுக்குக் காது...

— எழுதுன பேனாவ ஒடைக்கணும். எனக்கும் கண்ணு தெரியாது, எனக்குக் கேக்காது. டயர் சத்தம் கேக்கும், அதுவும் பக்கத்துல வந்தப்புறம். எனக்கு எட்டாதது சோதனைக்கு வந்த அந்த வயசானவங்களுக்கு எட்டுச்சா? பாதிப் பேருக்கு நேருக்கு நேர் பேசினாலே ரெண்டு தடவ சொல்லணும்.

— கை தூக்குனாங்களே. நான் கண்ணால பாத்தேன்.

— நான் பாக்கல. என்னயத்தான் அந்தப் பக்கமே வரக் கூடாதுன்னீங்களே.

— செஞ்சவ பக்கத்துல நின்னா, சனங்க அவ மனசு நோகக் கூடாதுன்னு பதில் சொல்லிருவாங்க. அது மொற.

— மொறதான். நான் லேபுக்குள்ளயே இருந்தேன், செவுத்தப் பாத்துட்டு. சரி, அன்னிக்கு ஒலிப்பதிவு பண்ணினீங்கல்ல? கொண்டாந்திருக்கியா?

— லேப்டாப்புல இருக்கு. சுத்தம் பண்ணி வச்சிருக்கேன்.

— சுத்தம்னா?

— மனுஷக் குரல் எல்லாத்தையும் எடுத்துட்டேன். வேடிக்க பாக்க வந்த கூட்டம், பால்காரன், பள்ளிக்கூடம் விட்டு வந்த பசங்கன்னு ஒரே எரைச்சல். வண்டிச் சத்தம் மட்டும் மிச்சம்.

— எடுக்காதது இருக்கா?

— எங்கயாவது கெடக்கும்.

— தேடு. பெட்டி போடாத வண்டி ஒண்ணப் போடு.

— இப்பவா? இன்னும் கொஞ்ச நேரத்துல உவேரா கூப்புடுவா.

— எனக்கு வேற வேல என்ன இருக்கு, போயி மாடு கறக்கணுமா? போடு.

— இரு... இது எழுவத்தி... இது. போடுறேன். கேக்குதா?

— காத்து. கூட்டம். ஒரு கொழந்த இருமுது. அங்க டயர் வருது... நிறுத்து. யாரு பேசுறா?

— சொன்னேனே, வேடிக்க பாக்குறவங்க.

— மறுபடி போடு. கடைசித் துண்டு மட்டும். ...இந்தக் குரல் நகருது கத்தேரா. எடது பக்கத்துலேர்ந்து வந்து தாண்டிப் போகுது. வேடிக்க பாக்குறவன் வண்டியோட சேந்து ஓடுவானா?

— ஓட மாட்டான்.

— அப்ப ஓட்டுறவன் பேசுறான். இன்னும் சத்தமா வையி. என்ன சொல்றான்?

— "வணக்கம்மா, வீட்ல எல்லாரும் சொகந்தானா"ன்னு சொல்றான்.

— அடுத்ததப் போடு.

— இது... "வணக்கம் பெரியவரே." அடுத்தது "வணக்கம் அத்த, மாடு கன்னெல்லாம் நல்லாருக்கா." ஐயோ. அடுத்ததும் வணக்கம். கபதேசி, எல்லாத்துலயும் வணக்கம் இருக்கு! இவனுங்களுக்கு எத்தன பக்கம் விதி எழுதிக் குடுத்தேன். ஹாரன் அடிக்காத, பாட்டுப் பாடாத, பேசாதன்னு கொட்ட எழுத்துல எழுதியிருந்தேன்.

— அவங்க பேசலியே. வணக்கம்தான சொன்னாங்க.

— ரெண்டும் ஒண்ணுதானே!

— உனக்கு இப்ப ஒண்ணு. வயசானவங்க ஞாயித்துக்கெழமத் துணியப் போட்டுக்கிட்டு ரோட்டோரமா வரிசையா நிக்கிறாங்க. எந்த வீட்டுப் புள்ள வாய மூடிட்டுத் தாண்டிப் போவான்? நீ ஓட்டியிருந்தா நீயும் சொல்லியிருப்ப. ஆயி அப்பன் வளத்த புள்ளைங்க.

— அவங்க அதுக்குத்தான் கை தூக்கியிருக்காங்க. மனுஷக் குரல் கேட்டுத் தூக்கியிருக்காங்க. நான் அந்தக் குரல இரைச்சல்னு வழிச்சுத் தூரப் போட்டுட்டு, உக்காந்து மூணு மாசம் கணக்குப் போட்டிருக்கேன்.

— சிரிக்கணும்னு தோணுது. சிரிப்புதான் வர மாட்டேங்குது. நீ எனக்குச் சேத்துச் சிரி.

— சிரிக்கவா? தலைய முட்டிக்கணும் போல இருக்கு. பட்டப்பகல்ல மெயின் ரோட்டுல வேகமாப் போற எவனும் யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டான். நாங்க சோதிச்சது அந்த ரோட்டயே இல்ல. நாங்க சோதிச்சது எங்க ஊரு மரியாதைய.

— கை எப்பத் தூக்குனாங்க?

— எப்பன்னா?

— வண்டி எவ்வளவு தூரத்துல இருக்கும்போது தூக்குனாங்க? வீடியோ இருக்குமே. நேரம் குறிச்சியா?

— குறிச்சேன். ஆனா உவேராதான் குழுவுக்கு வரைபடமெல்லாம் போட்டுக் காட்டாத, தூக்கம் வந்துரும், தூக்குனாங்களா தூக்கலையான்னு ரெண்டு கட்டம் போதும்னா. அதனால நேரத்த நான் தொடவே... கபதேசி. இரு. இரு. பேசாத.

— நான் எங்க பேசுறேன்.

— கட்டில் ஓரத்துல கொஞ்சம் உக்காந்துக்கறேன். மடியில வச்சுப் போட்டாத்தான் எனக்குக் கணக்கு வரும். உன் கால் மேல உக்காரலல்ல?

— எனக்கு எப்படித் தெரியும்?

— மன்னிச்சுக்கோ. இந்தப் பக்கம் உக்காந்துட்டேன். ஆங்... பெட்டி போடாத வண்டி. கை தூக்குன நேரமும் வண்டி தாண்டுன நேரமும் ஏறக்கொறைய ஒண்ணா இருக்கு. வணக்கம் சொன்னதும் தூக்குறாங்க. ஒதுங்கறதுக்கு எடமே இல்ல. இப்பப் பெட்டி போட்ட வண்டி... ஆண்டவரே.

— சொல்லு.

— வண்டி யூகலிப்டஸ் மரத்தத் தாண்டி வளையுது பாரு, அங்கயே தூக்கிட்டாங்க. ஓட்டுறவன் வணக்கம் சொல்ல வாயத் தெறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி. எல்லாரும். காது மந்தமான அந்தக் கிழவருகூட. பெட்டி வேல செய்யுது! கணக்குப்படி பாத்தா இத மாதிரி வித்தியாசத்த நான் என் ஆயுசுல பாத்ததில்ல. சந்தோசப்படேன் கபதேசி!

— வளைவுக்கு அந்தப் பக்கமே கேட்டுச்சா?

— அந்தப் பக்கமே.

— கேக்கணும். கீழ்ச் சுருதி மலைய வளைஞ்சு வரும். மேல் சுருதி எந்தப் பக்கம்னு காட்டும். ரெண்டையும் ஒட்ட வைக்கறதுக்குத்தான் அவ்வளவு நாளாச்சு.

— நீ ஏன் இத செத்த வீட்டுல துக்கம் விசாரிக்கற மாதிரி சொல்ற?

— சந்தோசம் வந்தாச் சொல்றேன். வந்துட்டு இருக்கலாம். நீ உவேராவுக்குச் சொல்லு.

— சொல்றேன்... அலோ, உவேரா? கத்தேரா. கேளு, கணக்கு தப்பு. இல்ல, கணக்கு சரி, கேட்ட கேள்வி தப்பு. மோட்டோ ஓட்டுனவங்க எல்லாம் வணக்கம் சொல்லியிருக்காங்க. வணக்கம். ஆமா, வணக்கம்! சிரிக்காத, நான் நிதானமாத்தான் இருக்கேன். நேரத்த வச்சுப் பாத்தா பெட்டிதான்... என்ன? குடுத்தாச்சா? எல்லார் கையிலயுமா?... அத வாங்கிட்டு வேற குடுக்க முடியாதா?... ஆமா, புரியுது... புரியுதுங்கறேன்ல. சரி, கேக்குறேன்.

— என்னவாம்?

— என் அறிக்க எல்லார் கையிலயும் இருக்காம். நேத்து வித்தியாசம் இல்லன்னு எழுதிட்டு, இன்னிக்கு மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டில்லேர்ந்து இருக்குன்னு சொன்னா, கம்பெனிக்காரன் கைகொட்டிச் சிரிப்பானாம். அடுத்த வருஷம் மறுபடி சோதன பண்ணுங்கம்பாங்களாம். அதுக்குள்ள எத்தன பேரு உன்ன மாதிரி படுக்கறாங்களோ. உன் ஒரு வரிதான் வேணுமாம்.

— நான் அந்த வரியச் சொல்ல மாட்டேன்.

— ஏன்? பரிதாபப்படுவாங்கன்னா?

— பரிதாபம் எனக்கு ஒண்ணும் பண்ணாது. குடுத்தா வாங்கித் தலமாட்டுல வச்சுக்குவேன்.

— அப்ப என்ன? பொய்யா சொல்லச் சொல்றேன்? கேக்கலங்கறதத்தான சொல்லச் சொல்றேன். சத்தமில்லாத வண்டி வந்துச்சு, உனக்குக் கேக்கல, அடிச்சுது. இதுல என்ன கஷ்டம்?

— கதவுகிட்ட யாரோ நிக்கிறாங்க.

— டீச்சரம்மா, உள்ள வரலாமா? செம்பகாரேதான். வணக்கம் டீச்சரம்மா. வணக்கம் வாத்தியாரே. ராத்திரி தூங்குனீங்களா? காய்ச்சல் எதுவும் இல்லியே? எங்க வீட்டுல கூழு காச்சிக் குடுத்தா. அவரையும் வாழக்காயும் அந்த டப்பாவுல இருக்கு. சூடு ஆறிருக்கும், ஏத்தத்துல தள்ளிட்டு வந்தேன்.

— இவன எதுக்கு உள்ள விடுற கபதேசி?

— ஆஸ்பத்திரியில சாப்பாடு போட மாட்டாங்க. அக்காவுக்கு வேல இருக்கு. இவரு தெனம் கொண்டாராரு. உப்பு சரியா இருக்கும்.

— இவன்தான உன்ன இடிச்சவன்!

— ஆமா. வேற யாரு கொண்டாருவா? வாங்க செம்பகாரே, டப்பாவ அங்க வைங்க. எந்த வண்டியத் தள்ளிட்டு வந்தீங்க?

— சைக்கிள்தான் டீச்சரம்மா. மோட்டோ போலீசு ஸ்டேசன்ல நிக்குது. என் நம்பர் போட்ட சட்டையவும் உருவிட்டாங்க. கேசு முடிஞ்சாத்தான் தருவாங்களாம்.

— தர மாட்டாங்கன்னு வேண்டிக்கறேன். உன் குரல இப்பத்தான் இதுல கேட்டேன். "அத்த, மாடு கன்னெல்லாம் நல்லாருக்கா." நீதான அது?

— நானாத்தான் இருக்கும் வாத்தியாரே. சோதன வண்டி ஓட்டுனேனே. அந்த அத்தைய எனக்குத் தெரியும், எங்க குன்றுக்காரங்க, ஒரே ஊரு.

— வெளையாட்டு ரோட்டுல நிக்கிறவங்க மாட்டுக்கெல்லாம் சொகம் விசாரிச்ச. நெஜ ரோட்டுல இவ நின்னப்ப உன் வணக்கம் எங்க போச்சு? வாய்ல என்ன வச்சிருந்த?

— வாத்தியாரே, அன்னிக்கு வணக்கம் எதுக்கு? அதான் பெட்டி கத்திட்டு இருந்துச்சே.

— எந்தப் பெட்டி?

— டீச்சரம்மா பெட்டிதான்.

— சோதன முடிஞ்சதும் எல்லாப் பெட்டியவும் கழட்டி வாங்கிட்டோம்.

— எல்லாரும் குடுத்தாங்க. நான் குடுக்கல. ஸ்க்ரூ இறுகிப்போச்சு, நாளைக்குத் தாரேன்னு உங்க ஆபீஸ் பொண்ணுகிட்ட சொன்னேன். ஆண்டவர் சாட்சியா திருடணும்னு இல்ல. எங்க தெருவுல புள்ளைங்க ரோட்டுலதான் வெளையாடும். கரண்ட் வண்டி வாங்குனதுலேர்ந்து எவன் மேல ஏத்துவேனோன்னு உயிரு கையிலதான் இருந்துச்சு. பெட்டி மாட்டுனப்புறம், நான் கீழ திரும்புறப்பவே புள்ளைங்க ஓரமாப் போயி நின்னுக்கும். எப்படிக் கழட்ட மனசு வரும் சொல்லுங்க.

— அன்னிக்கு அது வேல செஞ்சுதா? நல்லா யோசிச்சுச் சொல்லு. பேட்டரி இருந்துச்சா, ஒயரு புடுங்கிட்டு இருந்துச்சா?

— பின்னாடி உக்காந்திருந்த அம்மா "என்னப்பா உன் வண்டி பாடிட்டே வருது"ன்னு சொல்லிட்டு வந்தாங்க. எனக்கே காதுல நெறஞ்சு இருந்துச்சு.

— போச்சு. எல்லாம் போச்சு கபதேசி. உவேரா அங்க பெட்டி இல்லாத வண்டின்னு சொல்லப் போறா. போலீசுல இருக்கற வண்டியில பெட்டி தொங்கிட்டு இருக்கு. எவனாவது போயிப் பாத்தா நம்ம மூணு பேரும் பொய்யங்க. பெட்டி போட்டும் அடிச்சிருக்குன்னா அந்தப் பெட்டி எதுக்கு? இருந்தும் உனக்குக் கேக்கலன்னா... போலீசு இதக் கேக்கலியா செம்பகாரே?

— பிரேக்கு, டயரு, லைசென்சு, குடிச்சிருந்தேனான்னு கேட்டாங்க. பெட்டியப் பத்தி யாரும் கேக்கல. விளக்குன்னு நெனச்சிருப்பாங்க.

— பிரேக் ஏன் புடிக்கல நீ? அதையாவது சொல்லு.

— கையத் தூக்குனாங்களே வாத்தியாரே.

— யாரு?

— டீச்சரம்மாதான். நான் வளைவுல திரும்புறேன். இவங்க ரோட்டுல நிக்கிறாங்க, தடிய அக்குள்ள இடுக்கிட்டு. என்னயப் பாத்த மாதிரியே மொகத்தத் திருப்பி, வலது கையத் தூக்குனாங்க. நல்லா ஒசரமா. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? கை தூக்குனா அவங்களுக்குக் கேட்டுருச்சு, நீ வேகத்தக் கொறைக்காத, பிரேக்கத் தொடாத, அதே வேகத்துல தாண்டிப் போ. கொறைச்சா கணக்குக் கெட்டுரும்னு என்னய ரெண்டு தடவ திட்டுனீங்க. கையப் பாத்ததும் என் வெரலு தன்னால பிரேக்க விட்டுருச்சு.

— அது சோதன ரோட்டுலடா. அங்க எல்லாரும் ஓரமா நின்னாங்க!

— அது கிட்டக்க வந்தப்புறம்தான் புத்திக்கு ஒறைச்சுது. தூறல் போட்ட தாரு. ஒடிச்சுத் திருப்புனேன். இவங்களும் சத்தம் வந்த பக்கமே ரெண்டு எட்டு வச்சாங்க. அதுக்கப்புறம் எனக்கு ஞாபகம் இல்ல வாத்தியாரே. அந்தக் கை மட்டும் கண்ண மூடுனா நிக்குது.

— கபதேசி, இவன் சொல்றது நெஜமா? வண்டி வேணும்னு கூப்புட்டியா? என்ன கை அது? ஏதாவது சொல்லேன்.

— கூழக் கொஞ்சம் குடு. வாய் ஒட்டுது.

— வாத்தியாரே, உங்க ஃபோனு அடிக்குது.

— உவேரா. நான் எடுக்கப் போறதில்ல. என்னன்னு சொல்லுவேன்? கேக்கலன்னு இவ சொன்னா, பெட்டி இருந்தும் கேக்கலன்னு ஒரு நாள் வெளிய வரும். பெட்டி இருந்துச்சுன்னு சொன்னா இன்னிக்கே குப்பையில போட்டுருவாங்க.

— டீச்சரம்மா, நான் ஒண்ணு சொல்லலாமா? பெட்டி இல்லன்னே சொல்லிருங்க. நான் ஸ்டேசன்ல ஒரு கான்ஸ்டபிளக் கேட்டுக் கழட்டிர்றேன், எங்க குன்றுப் பையன்தான். கேசுல என் மேலயே எல்லாம் வரட்டும். எப்படியும் என் மேலதான் வந்திருக்கு. எல்லா வண்டிக்கும் பெட்டி வந்துச்சுன்னா எங்க தெருப் புள்ளைங்களுக்கு அது போதும்.

— உங்களுக்கு எத்தன புள்ளைங்க செம்பகாரே?

— மூணு, டீச்சரம்மா.

— கத்தேரா, ஃபோன எடு.

— எடுத்து?

— எடுத்து என் காதுல வையி. இல்ல, வேண்டாம். குடு, நானே புடிச்சுக்கறேன். கைக்கு ஒண்ணும் ஆகல எனக்கு.

— என்ன சொல்லப் போற? மொதல்ல என்கிட்ட சொல்லு கபதேசி. கபதேசி!

— உவேரா, கபதேசி பேசுறேன். மேச மேல வச்சிட்டியா? எல்லாருக்கும் கேக்குதா? வணக்கம் ஐயா. வணக்கம் அம்மா. நல்லாத்தான் இருக்கேன், உங்க புண்ணியம். உவேரா உங்ககிட்ட ஒண்ணு தப்பாச் சொல்லியிருப்பா, அவளுக்குத் தெரியாது. என்ன இடிச்ச வண்டியில பெட்டி இருந்துச்சு. வேலயும் செஞ்சுது. போலீசுல அந்த வண்டி நிக்குது, ஆள விட்டுப் பாத்துக்கலாம்.

— நம்மள முடிச்சுட்டா. செம்பகாரே, கதவச் சாத்து.

— இல்லீங்க, கேக்காம இல்ல. எனக்குக் கேட்டுச்சு. வளைவுக்கு அந்தப் பக்கம் வரும்போதே, தூறல்லயும், தெளிவாக் கேட்டுச்சு. கேட்டுச்சுன்னு கையத் தூக்கிக் காட்டுனேன். ஓட்டுனவரு எங்க சோதனையில எப்படிப் பழக்குனோமோ அப்படியேதான் ஓட்டுனாரு, அவரு மேல ஒண்ணும் இல்ல. அதையும் எழுதிக்கோங்க.

— டீச்சரம்மா...

— என்ன கேட்டீங்க ஐயா? ஒதுங்கறதுக்கு நேரம் இருந்துச்சாவா? இருந்துச்சுங்க, தாராளமா இருந்துச்சு. லேபுக்கு வெளிய அதக் கேக்குறது எனக்கு அதுதான் மொத தடவ, சத்தம் எவ்வளவு நல்லாருக்குன்னு நின்னு கேட்டுட்டு இருந்துட்டேன்.